காரைக்காலில் ஒரு பிரெஞ்சு பியானோ கலைஞர் பத்து மாதம் தங்கினால், அவர் வாசிப்பு என்ன ஆகும்?

நீங்கள் கேட்டதை என் சொற்களில் ஒருமுறை சொல்லிக்கொள்கிறேன். உங்கள் காரைக்கால் வீட்டு மாடியில் ஒரு பிரெஞ்சுப் பெண்மணி பத்து மாதம் வாடகைக்கு இருக்கப்போகிறார். மேடையில் வாசிக்கும் கிளாசிக்கல் பியானோ கலைஞர். வீட்டில் தாத்தா காலத்துப் பழைய பியானோ ஒன்று இருக்கிறது. அதைச் சரிசெய்தால் அவருக்குப் போதுமா, நம் ஊர்க் காற்றில் வேறு பியானோ வாங்கி வைத்தால் தாங்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்குள் இன்னொரு கேள்வியும் இருக்கிறது. தினம் ஐந்து மணி நேரம் வாசிக்கும் ஒருவர் சின்ன ஊரில் பத்து மாதம் இருந்துவிட்டுத் திரும்பினால் அவர் கை பழையபடி இருக்குமா என்பது. என்னைப் போலப் பியானோ பழுது பார்ப்பவனிடம் முதல் கேள்வியைத்தான் கேட்பார்கள். ஆனால் இரண்டுக்கும் பதில் ஒரே இடத்தில் இருக்கிறது: பியானோ வைக்கும் அறையின் ஈரப்பதம்.

பழைய பியானோவிலிருந்து தொடங்குவோம். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் (முன்பக்கம் மெழுகுவத்தி வைக்கும் பித்தளைக் கைகள், உள்ளே கம்பிகள் ஒன்றையொன்று குறுக்கே வெட்டாமல் நேராக இறங்குவது) அது 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி அல்லது 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்து அப்ரைட் (கம்பிகள் செங்குத்தாக நிற்கும்) பியானோவாக இருக்கலாம். அந்தக் காலப் பிரெஞ்சுப் பியானோக்கள், நடு ஸ்தாயியின் ‘ஏ’ சுரம் 435 ஹெர்ட்ஸ் என்ற சுருதிக்குச் செய்யப்பட்டவை. 1859இல் பிரான்ஸ் அரசே சட்டமாக வைத்த அளவு அது. இன்றைய அளவு 440. வித்தியாசம் சுமார் 20 சென்ட், அதாவது ஒரு அரைச் சுரத்தில் ஐந்தில் ஒரு பங்கு. காதுக்குச் சிறிய வித்தியாசம்தான். ஆனால் கம்பியின் இழுவிசை சுருதியின் வர்க்கத்தில் ஏறுவதால், எல்லாக் கம்பிகளும் சேர்ந்து சட்டகத்தில் ஏற்றும் சுமை இரண்டு சதவீதத்துக்கு மேல் கூடும். இன்றைய பியானோவில் 220க்கு மேற்பட்ட கம்பிகள் சேர்ந்து 18 முதல் 20 டன் வரை இழுக்கின்றன. அதைத் தாங்குவதற்குத்தான் முழு வார்ப்பிரும்புச் சட்டகம். உங்களுடையதில் அது பாதிதான் இருக்கலாம், மீதி மரம். நூறு வருடம் உப்புக்காற்று தின்ற கம்பியை 440க்கு ஏற்றச் சொல்லி யாரையும் வற்புறுத்த வேண்டாம். இருக்கும் சுருதியிலேயே தனக்குள் ஒத்துப்போகும்படி ட்யூன் செய்யச் சொல்லுங்கள். தனியாக வாசிப்பவருக்கு 435இல் குறை ஒன்றுமில்லை, மாலை நேரத்தில் ஆசைக்கு வாசிக்க நன்றாகவே இருக்கும். தொழில்முறைப் பயிற்சிக்கு அது போதாது. கம்பிகளைச் சுற்றி இறுக்கும் பின்கள் ஏறியிருக்கும் மரப்பலகை பிடிப்பை இழந்துவிட்டதா என்பதைக் கையால் திருகிப் பார்த்தால்தான் தெரியும், புகைப்படத்தில் தெரியாது. அதைப் பற்றி இங்கிருந்து நான் ஒன்றும் சொல்லக் கூடாது.

அப்படியானால் எதை வாங்குவது? அறை போதுமானால் கிராண்ட் (கம்பிகள் படுக்கையாக இருக்கும் பெரிய பியானோ), இல்லையென்றால் 121 சென்டிமீட்டர் உயரத்துக்குக் குறையாத அப்ரைட். இது ஆடம்பரத்துக்காகச் சொல்வதில்லை. செபஸ்டியன் எரார் உருவாக்கி, 1821இல் காப்புரிமை பெறப்பட்ட இரட்டை விடுபடு அமைப்பு கிராண்டில் உண்டு. அதனால் விரலால் அழுத்தும் கட்டை முழுவதும் மேலே வராமலேயே அடுத்த அடியை அடிக்கலாம். அப்ரைட்டில் கட்டை பெரும்பாலும் மேலே வந்தாக வேண்டும். பிரெஞ்சு இசையமைப்பாளர் ராவெலின் ‘ஸ்கார்போ’விலும் ‘அல்போராதா’விலும் ஒரே சுரம் மழைபோல் அடுத்தடுத்து விழும் இடங்கள் இருக்கின்றன. அவற்றை அப்ரைட்டில் பயின்றால் விரல் ஒரு தவறான ஆழத்தைப் பழகிக்கொள்ளும். இடது பெடலிலும் இதே சிக்கல். கிராண்டில் அது கம்பியை அடிக்கும் ஹேமர் வரிசையையே பக்கவாட்டில் நகர்த்துவதால் ஓசையின் நிறம் மாறுகிறது. அப்ரைட்டில் ஹேமரைக் கம்பிக்கு அருகே கொண்டுவருவதோடு சரி, ஓசை குறையும், நிறம் மாறாது. தெபுஸியின் இசையை வாசிப்பவருக்கு இது பெரிய இழப்பு. பாக், ராமோ, மோட்சார்ட், ஷூபெர்ட் எல்லாவற்றையும் நல்ல அப்ரைட்டில் பத்து மாதம் தாராளமாகப் பயிலலாம். மேலே சொன்ன வகைப் பாடங்களுக்காக மட்டும் மாதம் ஒன்றிரண்டு நாள் புதுச்சேரியிலோ சென்னையிலோ ஒரு கிராண்டில் உட்கார ஏற்பாடு செய்யுங்கள். சில டிஜிட்டல் பியானோக்களுக்குள், கட்டையும் ஹேமரும் சேர்ந்த உண்மையான கிராண்ட் ஆக்‌ஷனே இருக்கிறது, யமாஹாவின் அவந்த்கிராண்ட் வரிசை போல. இரவில் பக்கத்து வீட்டாரை எழுப்பாமல் பயில அது மிக நல்ல துணை. ஆனால் அறைக்குள் ஒலியைப் பரப்பி அதைக் கேட்டுக்கேட்டு விரலைத் திருத்திக்கொள்வது பியானோக் கலைஞரின் பாதி வேலை. ஸ்பீக்கர் வழியே வருவதில் அந்தப் பாதி கிடைக்காது.

இரண்டாம் கையாக ஜப்பானிய பியானோ வாங்கும்போது ஒரு பேச்சு காதில் விழும்: ஜப்பானிலேயே விற்பதற்குச் செய்தவை நம் ஊருக்கு ஆகாது, மரம் வேறு பதத்தில் காயவைத்தது என்று. இதில் கருத்து பிரிந்தே கிடக்கிறது. ஐம்பது வருடம் நன்றாக இருந்தவையும் உண்டு, ஐந்து வருடத்தில் பின் தளர்ந்தவையும் உண்டு. செய்த நாட்டைவிட முந்தைய பத்து வருடம் எந்த அறையில் இருந்தது என்பதைத்தான் நான் கேட்பேன். பழைய ஐரோப்பியப் பியானோக்களில் வெப்ப நாடுகளுக்கென்று தனியாகச் செய்தவை உண்டு. உள்ளே பசையை மட்டும் நம்பாமல் பித்தளைத் திருகும் தகடும் போட்டு இறுக்கியிருப்பார்கள். அப்படி ஒன்று கண்ணில் பட்டால் விடாதீர்கள்.

இனி அறை. பியானோவின் ஓசையைப் பெருக்கும் சவுண்ட்போர்டு சுமார் 8 மில்லிமீட்டர் கனமுள்ள ஸ்ப்ரூஸ் மரப் பலகை. தட்டையாக இருக்காது, லேசாக மேல்நோக்கி வளைத்திருப்பார்கள். காற்றில் ஈரம் ஏறினால் பலகை உப்பி வளைவு கூடும், அதன்மேல் இருக்கும் பாலம் கம்பிகளைத் தள்ளும், சுருதி ஏறும். காய்ந்தால் இறங்கும். எல்லாக் கம்பியும் ஒரே அளவு ஏறினால் யாருக்கும் தெரியாது. நடு ஸ்தாயி அதிகமாகவும் ஓரங்கள் குறைவாகவும் நகர்வதால்தான் பியானோ தனக்குள்ளேயே முரண்டு பிடிக்கிறது. உற்பத்தியாளர்கள் 45 சதவீதத்தை ஒட்டிய ஈரப்பதத்தைக் கேட்பார்கள். காரைக்காலில் ஐப்பசி, கார்த்திகையில் வெளியே 85, 90 நிற்கும்போது உள்ளே 45ஐப் பிடிக்க முயல்வது தவறு. ஒருநாள் கரண்ட் போனால் ஒரே தாவலில் 80க்குப் போய்விடும், அந்தத் தாவல்தான் பியானோவைக் கெடுக்கும். 55 முதல் 60க்குள் வருடம் முழுவதும் அசையாமல் வைத்திருப்பதே நம் கடற்கரைக்குச் சரியான குறி.

அதற்கு என்ன செய்ய வேண்டும்? முதலில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் டிஜிட்டல் ஈரப்பதமானி இரண்டு வாங்குங்கள். அவற்றை நம்புவதற்கு முன் சோதியுங்கள். பாட்டில் மூடி ஒன்றில் சமையல் உப்பைப் போட்டு, கரையாமல் சேறுபோல் ஆகும் அளவுக்குச் சில சொட்டு நீர் விடுங்கள். மூடியையும் மானியையும் காற்றுப் புகாத டப்பாவில் ஒன்றாக வைத்து இரவு முழுக்க விட்டால் காலையில் 75 காட்ட வேண்டும். 70 காட்டினால் இனி எல்லா அளவிலும் ஐந்தைக் கூட்டிக்கொள்ளுங்கள். அடுத்து அறை. கடல் பக்கச் சன்னல் இல்லாத, வெயில் ஏறும் மேற்குச் சுவர் இல்லாத உள்ளறையாகப் பாருங்கள். மொட்டை மாடிக்கு நேர்க்கீழ் அறை வேண்டாம். உங்கள் வீட்டில் பழைய சுண்ணாம்புக் காரைச் சுவர் என்றால் அதிர்ஷ்டம்தான், கனத்த சுவர் ஈரத்தையும் சூட்டையும் மெல்லவே உள்ளே விடும். பன்னிரண்டுக்குப் பதினான்கு அடி அறைக்கு, நாளுக்கு 12 முதல் 20 லிட்டர் நீர் எடுக்கும் கம்ப்ரஸர் வகை டீஹியூமிடிஃபையர் போதும். அது 250 வாட் இழுத்தால், ஓயாமல் ஓடும் நாளில் ஆறு யூனிட் ஆகும். 55இல் நிறுத்திவைத்தால் கதவைச் சாத்திய அறையில் பெரும்பாலும் அதில் பாதிதான் வரும். தொட்டி நிரம்பினால் கருவி தானாக நின்றுவிடும், ஆகவே குழாய் போட்டு நீரை வெளியே விடுங்கள்.

ஏசியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதிகக் கேடு அங்கேதான் வருகிறது. அவர் வாசிக்கும் ஐந்து மணி நேரம் மட்டும் ஏசி போட்டு, எழுந்ததும் அணைத்துச் சன்னலைத் திறப்பது மிக மோசமான வழி. குளிர்ந்த இரும்புச் சட்டகத்தின் மேலும் கம்பியின் மேலும் கடற்காற்று பட்டு வியர்க்கும். துரு அப்படித்தான் தொடங்குகிறது. போட்டால் 26இல் இரவும் பகலும் போடுங்கள். முடியாதென்றால் மின்விசிறியும் டீஹியூமிடிஃபையரும் போதும், ஏசியே வேண்டாம்.

அப்ரைட்டின் அடிப்பலகைக்குள் ஒரு சின்ன குண்டு பல்பை எரியவிடும் பழைய வழக்கம் முட்டாள்தனமல்ல. 28 டிகிரியில் 80 சதவீத ஈரமுள்ள காற்றை மூன்று டிகிரி சூடாக்கினால் ஈரப்பதம் 67 அளவுக்கு இறங்கும். ஆனால் இப்போது கடையில் கிடைக்கும் எல்இடி பல்பில் அந்தச் சூடு வராது. குண்டு பல்பு மரத்துக்கு அருகே இருந்தால் அந்த இடம் மட்டும் காய்ந்து வெடிக்கும், ஃபெல்ட் துணி பட்டால் தீப்பிடிக்கும் அபாயமும் உண்டு. இதற்கென்றே செய்யப்பட்ட, ஈரத்தை உணர்ந்து தானே அணையும் சூட்டுக்கம்பி கிடைக்கிறது. அதைப் பொருத்தச் சொல்லுங்கள். சிலிக்கா ஜெல் பொட்டலம் பியானோ அளவுக்கு ஒன்றுமே செய்யாது.

கட்டை ஒட்டிக்கொண்டு மேலே வராத தொல்லை மழைக்காலத்தில் கட்டாயம் வரும். அவசரப்பட்டுத் தேங்காய் எண்ணெயோ தையல் மெஷின் எண்ணெயோ விட்டுவிடாதீர்கள். எண்ணெய் ஃபெல்ட்டில் ஊறினால் அந்தப் பாகத்தையே மாற்ற வேண்டிவரும். எங்கே பிடிக்கிறது என்று முதலில் பாருங்கள். முன்பலகையைக் கழற்றிவிட்டுக் கட்டையை மெல்ல அழுத்தி விடுங்கள். ஹேமர் திரும்பிவிட்டது, கட்டை மட்டும் கீழே நிற்கிறது என்றால் கட்டைக்குள் பின் நுழையும் துளையில் ஒட்டிய துணி உப்பியிருக்கிறது. அதை அகலப்படுத்தத் தனிக் குறடு உண்டு, ஒரு கட்டைக்கு ஒரு நிமிட வேலை. ஹேமரே பாதியில் நின்று சோம்பலாகத் திரும்பினால் அதன் அச்சுக்கம்பியைச் சுற்றிய துணி இறுகியிருக்கிறது. இது கை பழகியவர் செய்ய வேண்டியது. அறையைப் பத்து நாள் 55இல் வைத்தாலே பாதிக் கட்டைகள் தாமாகச் சரியாவதும் உண்டு, ஆகவே ஆளைக் கூப்பிடுவதற்கு முன் அதைச் செய்யுங்கள்.

அவரே மாதாமாதம் செய்யக்கூடிய எளிய சோதனை ஒன்று. பத்து ரூபாய் நாணயம் சுமார் 7.7 கிராம். வலது பெடலை அழுத்திக்கொண்டு, நடுவில் ஏதாவது ஒரு கட்டையின் முன்விளிம்பில் ஒவ்வொன்றாக அடுக்குங்கள். ஆறு ஏழு நாணயத்தில் கட்டை மெல்ல இறங்கத் தொடங்கினால் சரி. எட்டு ஒன்பது வரை பொறுக்கலாம். பத்தையும் தாண்டினால் ஈரம் உள்ளே ஏறிவிட்டது. கட்டையை அடிவரை அழுத்தி மூன்று நாணயத்தை மட்டும் விட்டுவைத்தால், அவற்றைத் தூக்கிக்கொண்டு அது மேலே வர வேண்டும். கையைப் பற்றிய உங்கள் கவலைக்கு நேரான பதில் இதுதான். கனத்துப்போன கட்டைகளோடு மாதக்கணக்கில் மல்லுக்கட்டினால் முன்கைத் தசை இறுகும், மெல்லிய ஓசைகளை எழுப்பும் கட்டுப்பாடு போகும், சிலருக்குத் தசைநார் வலியும் வரும். ஊர் சின்னது என்பதால் யாருடைய கையும் கெடுவதில்லை.

ட்யூனிங் எத்தனை முறை? ஐரோப்பிய வீடுகளில் வருடத்துக்கு இரண்டு போதும். இங்கே, முதல் வருடத்தில், நான்கு. ஆனால் தேதியைப் பார்த்துச் செய்ய வேண்டாம். பருவம் மாறி இரண்டு மூன்று வாரம் கழித்து, மரம் புது நிலையில் படிந்த பிறகு செய்யுங்கள்: தை கடைசியில் ஒன்று, ஆடிக்காற்றின் வறட்சி நிலைத்த பின் ஒன்று, அடைமழை ஓய்ந்த பின் ஒன்று, நான்காவது தேவைப்பட்டால். லாரியில் வந்து இறங்கிய மறுநாளே ட்யூன் செய்வது பணத்துக்குக் கேடு. சுருதி 30 சென்ட்டுக்கு மேல் இறங்கிய பியானோவை ஒரே தடவையில் நிறுத்தவும் முடியாது. முதல் சுற்றில் இறங்கிய அளவில் கால் பங்கு கூடுதலாக மேலே ஏற்றி விடுவோம், மற்றக் கம்பிகள் இறுகும்போது அது சரிந்து இடத்துக்கு வரும். அதன்பின் நுட்பமான சுற்று. துருப்பிடித்த கம்பியை ஏற்றுமுன் இம்மியளவு தளர்த்தித் துருவின் பிடியை விடுவிக்கும் ஆளாகப் பாருங்கள். அதைச் செய்யாதவர் கையில் கம்பி அறும். ஆள் சென்னையிலிருந்து வர வேண்டியிருக்கும். போகவரச் செலவைப் புதுச்சேரியிலோ நாகப்பட்டினத்திலோ பியானோ வைத்திருக்கும் வேறு வீடுகளோடு பகிர்ந்துகொள்ளலாம்.

இடையில் ஒரு சுரம் மட்டும் பிசிறடித்தால் அதற்காக ஆள் வர வேண்டாம். நடு, மேல் ஸ்தாயிகளில் ஒரு சுரத்துக்கு மூன்று கம்பிகள். ட்யூனிங் லீவர் ஒன்றும் ரப்பர் ஆப்பு இரண்டும் அவரிடம் இருக்கட்டும். ஓரக் கம்பிகள் இரண்டையும் ஆப்பால் அடக்கி நடுவைக் கேட்டு, அதன் எட்டாவது சுரத்தோடு ஒத்திருக்கிறதா என்று பாருங்கள். பிறகு ஒரு ஓரத்தைத் திறந்து இரண்டையும் சேர்த்துக் கேளுங்கள். ‘வாவ் வாவ்’ என்று அலையடித்தால் நகர்ந்தது அந்தக் கம்பி. லீவரைக் கடிகாரத்தின் நிமிட முள் ஒரு நிமிடத்தில் நகரும் அளவைவிடக் குறைவாகத் திருப்பினாலே போதும். அலை மெலிந்து நின்றதும் கட்டையை நான்கைந்து முறை பலமாக அடித்துக் கம்பியைப் படியவையுங்கள். நின்றால் நின்றது. பின்னை மேலும் கீழும் வளைக்காமல் திருகுவதுதான் கைப்பழக்கம். முதல் நாள் பழைய பியானோவில் பழகிப் பார்க்க வேண்டாம், அதன் கம்பி அறுந்துவிடும்.

பூச்சி, எலி விஷயத்தில் சுருக்கமாக: சுவரிலிருந்து நான்கு அங்குலம் தள்ளி, சக்கரங்களுக்கு அடியில் கிரானைட் துண்டு வைத்து நிறுத்துங்கள். கரையான் மண்கோடு ஏறினால் உடனே கண்ணில் படும். அப்ரைட்டில் எலி நுழைவது பெடல் வெளியே வரும் பிளவு வழியாக, அதை ஃபெல்ட் துண்டால் சுற்றி அடையுங்கள். மாதம் ஒருமுறை அடிப்பலகையைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள். அந்துருண்டையைக் கம்பிக்கும் ஹேமருக்கும் பக்கத்தில் போடாதீர்கள்.

தூக்கிவரும்போது: அப்ரைட் 200 முதல் 250 கிலோ, குட்டியானை வண்டி தாங்கும். டிரைவர் கேபின் சுவரோடு முதுகைச் சேர்த்து நிமிர்த்திக் கட்ட வேண்டும், படுக்கவைக்கக் கூடாது. கிராண்ட் என்றால் முதலில் பெடல் சட்டத்தைக் கழற்றி, பிறகு இடது முன்காலைக் கழற்றி, நேர்ப்பக்கத்தின் மேல் பலகையில் சாய்த்து, மற்ற இரண்டு கால்களையும் எடுப்பார்கள். மாடிப்படி திரும்பும் இடத்தின் அகலத்தை இப்போதே அளந்துவிடுங்கள். பல வீடுகளில் திட்டம் அங்கேதான் நின்றுபோகிறது.

ஊரில் ஒரு கச்சேரி வைக்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். வையுங்கள், ஊருக்கும் அவருக்கும் நல்லது. இருநூறு பேருக்கு மைக் வேண்டாம், வேண்டவே வேண்டாம். கல்யாண மண்டபத்தில் டைல்ஸ் தரையும் வெறும் சுவரும் ஓசையைக் குழப்பும். மேடைக்கு ஜமுக்காளமும் பின்னால் கனத்த திரையும் போட்டால் பெரிதும் அடங்கும். தேவாலயமாக இருந்தால் எதிரொலி நீளும். தெபுஸிக்கும் மெதுவான பாடங்களுக்கும் அது அழகு, வேகமானவை கலங்கிவிடும். நிகழ்ச்சி நிரலை இடம் பார்த்துத்தான் தீர்மானிக்க வேண்டும் என்று அவரிடம் சொல்லுங்கள், அவருக்கே அது புரியும். வாடகைப் பியானோ முதல்நாளே வந்து சேர வேண்டும். கச்சேரி நேரத்தில் எரியப்போகும் அதே விளக்குகளையும் ஓடப்போகும் அதே ஏசியையும் போட்ட பிறகுதான் ட்யூனிங். மேடை விளக்குச் சூட்டில் கம்பி நீண்டு சுருதி இறங்கும். மேலே சுழலும் விசிறி தாளைப் பறக்கடிக்கும், அதன் கடகடப்பு மெல்லிய இடங்களில் பியானோவைவிடச் சத்தமாகக் கேட்கும். ஜெனரேட்டரை மண்டபத்தின் மறுபக்கத்துக்கு நகர்த்தச் சொல்லுங்கள்.

பயிற்சி நேரத்தை உங்கள் தெரு தீர்மானிக்கட்டும். மார்கழியில் விடியற்காலை ஒலிபெருக்கி ஓடும்போது அவரால் வாசிக்க முடியாது. காலை எட்டிலிருந்து பதினொன்று, பிற்பகல் மூன்றிலிருந்து ஐந்து என்று பக்கத்து வீட்டாரிடம் முன்கூட்டியே பேசிவைத்தால் சண்டை வராது. டிஜிட்டல் பியானோவை இன்வெர்ட்டரில் ஓட்டுவதென்றால் சைன் வேவ் வகையாக இருக்கட்டும். மற்றதில் ஸ்பீக்கர் இரைய வாய்ப்பு அதிகம். புழுக்கத்தில் விரல் வழுக்கும், அதற்கு உலர்ந்த பருத்தித் துணி ஒன்று பியானோ மேலேயே கிடந்தால் போதும். காகித இசைச்சுவடிகள் மழையில் பூசணம் பிடிக்கும். தெபுஸி, ராவெல் போன்றோரின் படைப்புகளுக்கு இங்கே காப்புரிமைக் காலம் முடிந்துவிட்டதால் டேப்லெட்டில் ஏற்றிக்கொள்ளச் சொல்லுங்கள்.

கட்டணம் வாங்கிக் கச்சேரி செய்ய அவருடைய விசா இடம் கொடுக்குமா என்பது என் தொழிலுக்கு வெளியே உள்ள விஷயம். அவர் புறப்படுமுன் பிரான்ஸில் உள்ள இந்தியத் தூதரகத்தில் கேட்டுவிடட்டும்.

பியானோவுக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன், சோதித்த ஈரப்பதமானியை அந்த அறையில் வைத்துக் காலை ஆறு, பகல் இரண்டு, இரவு பத்து என்று பத்து நாள் எழுதிவையுங்கள். ஒரே நாளுக்குள் பதினைந்து சதவீதத்துக்கு மேல் ஏறி இறங்கினால் அறையை மாற்றுங்கள். அந்த முப்பது எண்களையும், பழைய பியானோவின் மேல்மூடியைத் திறந்து பின் வரிசைக்கு நேராக எடுத்த படத்தையும் இங்கே போட்டால் அடுத்து என்ன செய்வது என்று சொல்கிறேன்.